ஏழாம் ஆண்டு முளைத்த ஹேண்டில்பார்

ஊசிக்காட்டுப்பாளையத்து சைக்கிள் பாகத் தொழிற்சாலையின் பின்புறத்தில், பெயிண்ட் ஷாப்புக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே கிடந்த வெற்று மண்ணில், ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலை ஒரு பல்சக்கரம் முளைத்திருந்தது. முதலில் அதைப் பார்த்தவர் தோட்டவேலை பார்க்கும் ராக்கியண்ணன். கோரைப்புல் என்று நினைத்துப் பிடுங்கப் போனவர், விரலில் பல் குத்தியதும் கையை எடுத்துக்கொண்டு, களைக்கொத்தால் சுற்றிலும் மண்ணை இளக்கி, ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அது மண்ணில் சுவறும்வரை நின்று பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் போய் ஆபீஸில் சொன்னார்.

அது பதினோரு நாள் வளர்ந்தது. முழுதாக வெளியே வந்தபோது வட்டமாக இல்லாமல் முட்டை வடிவத்தில் இருந்தது. இரும்பாக இல்லாமல், காக்கைச் சிறகின் கறுப்பில், தூக்கினால் கையில் எதுவும் இல்லாதது போல் லேசாக இருந்தது. பன்னிரண்டாம் நாள் காம்பு காய்ந்து தானே விட்டுவிட, ராக்கியண்ணன் அதை ஒரு முறத்தில் வைத்து எடுத்துப்போய் வடிவமைப்புப் பிரிவின் மேஜைமேல் வைத்தார்.

எங்கிருந்து வந்தது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்தத் தொழிற்சாலையில் ஆரம்ப நாளிலிருந்தே ஆண்டுக்கொரு புதிய யோசனையைச் செய்துபார்ப்பார்கள், அது தோற்றுப்போகும், ஆயுத பூஜை வரும். பூஜையன்று லேத்து, டிரில், ஸ்பானர், கூட்டுமாறு என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைக்கும்போது, தோற்றுப்போன பாகத்தை மட்டும் விட்டுவைத்தால் அதன் மனம் நோகும் என்று அதற்கும் வைத்துவிடுவார்கள். குங்குமம் வைத்ததை உலையில் போட்டு உருக்க யாருக்கும் கை வராது. ஆகவே அப்போதைய முதலாளி ஒரு வழக்கம் ஏற்படுத்தினார்: அந்த ஆண்டு தோற்ற பாகத்தைப் பெயிண்ட் ஷாப்புக்குப் பின்னால் குழிதோண்டிப் புதைத்து, மேலே ஒரு வெண்பூசணியை உடைத்துவிடுவது. ஏன் தோற்றது என்று எழுதிய காகிதங்கள் ஒரு இரும்பு பீரோவில் இருந்தன. கேன்டீனில் தட்டு வைக்க பீரோ தேவைப்பட்ட ஆண்டில் காகிதங்கள் பழைய பேப்பர்காரரிடம் போயின. இப்படியாகப் பாகங்கள் மரியாதையோடு மண்ணுக்குள் இருந்தன; அவை தோற்ற காரணங்கள் ஊர் ஊராகப் பொட்டலமாக மடிந்து போய்விட்டன.

முட்டை வடிவப் பல்சக்கரத்தை அளந்து, அச்செடுத்து, ஆயிரக்கணக்கில் செய்து, அதுவரை உலகம் காணாத கண்டுபிடிப்பு என்று விற்றார்கள். வடிவமைப்புப் பிரிவின் தலைவன் நிவேதன், முப்பது வயதுக்காரன், கண்காட்சி மேடையில் ஏறி இது எங்கள் குழுவின் பல ஆண்டு உழைப்பு என்று சொன்னபோது அவன் பொய் சொல்வதாக ஒருவரும் நினைக்கவில்லை. ராக்கியண்ணன் ஊற்றிய தண்ணீரும் உழைப்புதானே. மறு ஐப்பசியில் சுருள்கம்பி வைத்த ஃபோர்க் முளைத்தது. அதற்கு மறு ஐப்பசியில் செயின் இல்லாத பெடல். புதைத்த வரிசையில், புதைத்து முப்பத்து நான்கு ஆண்டு நிறைந்த மழையில், ஆண்டுக்கு ஒன்று.

தொழிற்சாலை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டது. அந்த மண்ணுக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டார்கள். கேன்டீன் பெண்கள் அரிசி கழுவிய தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினார்கள். சாணம் போடுவதா, சைக்கிள் எண்ணெய் விடுவதா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒரு மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். வரைபடம் போடுகிறவர்கள் வரைபடத்தை விட்டுவிட்டு வானிலை பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மார்கள் பரீட்சைப் பேனாவை அந்த மண்ணில் ஒரு பொழுது குத்திவைத்து எடுத்துப் போனார்கள். பக்கத்து ஊர்த் தொழிற்சாலைக்காரர்கள் டிபன் பாக்ஸில் ஒரு பிடி மண்ணைக் கடத்திக்கொண்டு போனதாகவும், அதில் அவர்களுக்குக் கீரை மட்டும் முளைத்ததாகவும் ஒரு பேச்சு உலவி, எல்லோரையும் நெடுநாள் மகிழ்வித்தது.

பாகங்களோடு அவற்றின் பழைய குறைகளும் முளைத்து வந்தன. முட்டைப் பல்சக்கரத்தை மிதித்தவர்களுக்கு முழங்கால் வலித்தது. அவர்கள் முழங்காலைக் குறைசொன்னார்கள். செயின் இல்லாத சைக்கிள் வழியில் நின்றுபோனால் எந்தக் கடைக்காரராலும் பிரிக்க முடியவில்லை. அவர்கள் கடைக்காரரைக் குறைசொன்னார்கள். ஆறாம் ஆண்டு காற்றே அடைக்க வேண்டாத கெட்டி டயர் வந்து, ஊசிக்காட்டுப்பாளையத்தில் பாதிப்பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது, காலம் கெட்டுவிட்டது, இந்தக் காலத்து உடம்புக்கு வலுவில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த துளசிமணி மட்டும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. ஏழாவதாகப் புதைத்தது எது என்று அவளுக்குத் தெரியும். பிரேக் கம்பி வெளியே தெரியாத ஹேண்டில்பார் அது. குழாயில் துளைபோட்டு, கம்பியை உள்ளே நுழைத்து, உள்ளேயே கீழே இறக்கிய ஹேண்டில்பார். அதைச் சாலையில் ஓட்டிப் பார்க்கும் வேலை அவளுடைய அண்ணன் சென்னியப்பனுக்கு. பதினோரு மாதம் ஓட்டினான். துளையின் விளிம்பில், யார் கண்ணுக்கும் தெரியாத உட்புறத்தில், கம்பி உரசி உரசி ஒரு கீறலை வளர்த்துக்கொண்டே இருந்து, ஒருநாள் வாய்க்கால் பாலத்து இறக்கத்தில் ஹேண்டில்பாரின் ஒரு பாதி அவன் கையோடு வந்துவிட்டது. கீழே காய்ந்த வாய்க்காலில் அவன் உடலைத் தூக்கும்போதும் அந்தத் துண்டு அவன் கையில்தான் இருந்தது. அந்த ஆண்டு ஆயுத பூஜையில், தங்கை கையால் வைக்கட்டும் என்று பெரியவர்கள் சொல்ல, பத்தொன்பது வயதுத் துளசிமணிதான் ஒட்டவைத்த அந்த ஹேண்டில்பாருக்குக் குங்குமம் வைத்தாள். அவள் மாட்டேன் என்று சொல்லியிருந்தால் அது உலைக்குப் போயிருக்கும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கெட்டி டயர் விற்பனைக்குப் போன வாரத்தில் அவள் நிவேதனின் அறைக்குப் போனாள்.

"சார், அடுத்து என்ன மொளைக்கும்னு எனக்குத் தெரியுங்க."

"அட, சொல்லுங்க துளசிக்கா! இப்பவே பேரு வெச்சுரலாம்."

அவள் சொன்னாள். வாய்க்கால் பாலம் வரைக்கும் சொன்னாள். நிவேதன் எழுந்து வந்து, அவளை நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான். அவனுக்கு உண்மையாகவே கண் கலங்கியது. பிறகு அவன் மெதுவாகக் கேட்டான்:

"அக்கா, கம்பியே வெளிய தெரியாதுன்னா... பாக்க எப்படி இருக்கும்?"

துளசிமணிக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை. "பாக்க நல்லாத்தான் இருந்துச்சுங்க," என்றாள்.

"நல்லாத்தான் இருக்கும்," என்றான் நிவேதன், ஜன்னல் வழியே அந்த மண்ணைப் பார்த்தபடி.

முதலாளி அருணகிரி அவள் சொல்வதைக் கடைசிவரை கேட்டார். சென்னியப்பனை அவருக்கு நினைவிருந்தது. சிறு வயதில் அவன் கேரியரில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போயிருக்கிறார்.

"ஏம்மா துளசி, அன்னிக்கு அது இரும்பு. நம்மாளுக ஒரு வருசம் யோசிச்சு செஞ்சது. இந்த மண்ணு அதையே முப்பத்து நாலு வருசம் யோசிச்சிருக்குது. நீயும் நானும் அத்தனை யோசிப்பமா?"

"மண்ணுக்குக் கொறையத் திருத்தத் தெரியலீங்களே. முட்டைய முட்டையாவேதான திருப்பிக் குடுத்துச்சு? முழங்கா வலி அப்படியேதான வந்துச்சு?"

"முழங்கா வலி எனக்கு சைக்கிள் ஏறாமயே இருக்குதும்மா," என்று சொல்லி அவர் வருத்தமாகச் சிரித்தார்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளும் ராக்கியண்ணனும் மண்வெட்டியோடு போய் ஏழாவது இடத்தைத் தோண்டினார்கள். இடுப்பளவு தோண்டியும் ஈரமான கரிய மண்ணும், எண்ணெய் வாசமும், கூந்தல் முடி மாதிரி நாலைந்து வேர்களும்தான் இருந்தன.

"அம்மிணி, வெதைச்ச பொறகு வெதையத் தேடுனா கெடைக்குமா? அது எப்பவோ கரைஞ்சிருச்சு. இனி வர்றது வந்துதான் ஆகும்," என்றார் ராக்கியண்ணன். குழியை மூடும்போது, பழக்கதோஷத்தில், கொஞ்சம் தண்ணீரும் ஊற்றினார். அவள் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஐப்பசியில் அது வந்தது. இரண்டு கறுப்புக் கொம்புகள் முதலில், ஆட்டுக்குட்டி மண்ணுக்குள்ளிருந்து தலை நீட்டுவது போல. ஆறாம் நாள் விடிந்ததும் துளசிமணி வீட்டுக் கொடுவாளைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து அடியோடு வெட்டினாள். மறுநாள் வெட்டிய இடத்தில் இரண்டு முளைகள் இருந்தன. அவள் மீண்டும் வெட்டப் போனபோது நிவேதன் வந்துவிட்டான். அவன் திட்டவில்லை. கையிலிருந்த கொடுவாளை மெல்ல வாங்கி வைத்துவிட்டு, "ரொம்ப நன்றிக்கா. ஒண்ணு டெஸ்டுக்கு, ஒண்ணு ஷோரூமுக்குன்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க," என்றான். அதன்பின் முருங்கையைப் போல இதையும் கவாத்துப் பண்ணலாம் என்று தொழிற்சாலை கற்றுக்கொண்டது.

பறித்த ஹேண்டில்பாரைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். உலுக்கும் இயந்திரத்தில் மாட்டுவது துளசிமணியின் வேலை. மாட்டினாள். நான்கு நாள் இடைவிடாமல் அது உலுக்கியது. முறி, முறி என்று அவள் வாய்க்குள் சொல்லிக்கொண்டே எதிரே உட்கார்ந்திருந்தாள். அது முறியவில்லை. துளை அதே இடத்தில் இருந்தது. கம்பி உள்ளே போகும் வளைவும் அதேதான். உள்ளே என்ன நடக்கிறது என்பது வெளியே தெரியாததும் அதேதான். ஆனால் இயந்திரம் ஹேண்டில்பாரை உலுக்குமே தவிர, கம்பியை இழுக்காது. சாலையில் போகிறவன்தான் நூறு தடவை பிரேக் பிடித்து நூறு தடவை கம்பியை இழுக்கிறவன். 'தாங்கியது' என்று அவள் எழுத வேண்டியிருந்தது. தாங்கியதைத் தாங்கவில்லை என்று எழுத அவளுக்கு வரவில்லை. அடியில் பென்சிலால், 'என் அண்ணனுக்கும் பதினோரு மாதம் தாங்கியது' என்று சேர்த்தாள். நிவேதன் அந்த வரியை மட்டும், காகிதம் கிழியாமல், மிகுந்த மரியாதையோடு ரப்பரால் அழித்தான்.

ஆடியில் விற்பனை என்று நாள் குறித்தார்கள். அப்போது கார்த்திகை. எட்டு மாதம் இருந்தது.

இனி ஒரே வழிதான் இருந்தது. அது கடைக்குப் போவதற்கு முன் தன் கையில் முறிய வேண்டும். துளசிமணி போய் அந்த ஹேண்டில்பார் மாட்டிய சைக்கிள் ஒன்று கேட்டாள். நிவேதன் சந்தோஷமாகக் கொடுத்தான். தினமும் விடிந்ததும் ஏறி, ஊசிக்காட்டுப்பாளையத்திலிருந்து வாய்க்கால் பாலம் வரைக்கும், திரும்பி, மறுபடி பாலம் வரைக்கும், மறுபடி திரும்பி, நாற்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வேலைக்குப் போனாள். தன் எடை போதாது என்று முதல் மாதம் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டாள். இரண்டாம் மாதத்திலிருந்து ஐம்பது கிலோ. பத்தடிக்கு ஒருதரம், காரணமே இல்லாமல், பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட்டாள். மேடு பள்ளம் தேடித் தேடி இறங்கினாள்.

சாலையும் அவளுக்குப் பழகிக்கொண்டது. டவுன் பஸ் டிரைவர் அவளைக் கண்டால் ஓரம் கட்டினார். வெங்காயக் காட்டுப் பெண்கள், "மூட்டக்கா போயிட்டாங்க, ஏழு மணி ஆயிருச்சு," என்று வேலையைத் தொடங்கினார்கள். டீக்கடைக்காரர் தினமும் ஒரே கேள்வி கேட்டார்:

"ஏனுங்க்கா, தெனமும் அந்த அரிசிக்கு ஊரச் சுத்திக் காட்டறீங்களே, அது என்ன சொல்லுது?"

"வேகமாட்டேங்குதுங்க," என்பாள் துளசிமணி, காலை ஊன்றாமல்.

தை போயிற்று, மாசி போயிற்று, பங்குனி வெயில் வந்து தாரை இளக்கியது. அவள் தோள்பட்டை இறுகி, உள்ளங்கை காய்த்து, புடவைகளெல்லாம் ஓரம் கிழிந்தன. ஹேண்டில்பார் மட்டும் பறித்த அன்று இருந்தது போலவே கறுப்பாக இருந்தது. சித்திரையில் ஒருநாள் பள்ளத்தில் இறங்கும்போதுதான் அவள் தன் கைகளைக் கவனித்தாள். பள்ளம் வருவதற்கு ஒரு நொடி முன்னால் அவை தாமாகவே பிடியைத் தளர்த்தின. முழங்கை மடங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொண்டது. எடையெல்லாம் பெடலுக்கும் சீட்டுக்கும் போய்விட்டது. மூட்டை தொங்கினாலும், துளை இருக்கும் இடத்தில் அவள் ஒருபோதும் சாயவில்லை. வேண்டுமென்றே சாய்ந்து பார்த்தாள். அடுத்த பள்ளத்தில் கைகள் மறுபடி தளர்ந்தன. முப்பத்து நான்கு ஆண்டு அவை தெரிந்துவைத்திருந்ததை மறக்கச் சொல்லி அவள் கேட்டாள், அதட்டினாள், ஒருநாள் சாலையோரம் உட்கார்ந்து கைகளைப் பார்த்து அழுதாள். நம்பி ஓட்டுகிறவன் கையில்தான் அது முறியும். அவளால் நம்ப முடியவில்லை. ஆகவே அவள் கையில் அது முறியப்போவதில்லை.

ஆனாலும் ஓட்டினாள், வேறென்ன செய்வது என்று தெரியாததால் ஓட்டினாள்.

ஆடி பிறப்பதற்கு ஒரு வாரம் முன்பு பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரிய போர்டு ஏறியது. யாரோ காருக்குள்ளிருந்து எடுத்த படம்: முந்தானையை இழுத்துச் செருகிய துளசிமணி, பல்லைக் கடித்துக்கொண்டு, அரிசி மூட்டையோடு மேடேறுகிறாள். கீழே மூன்று வரிகள். ஐம்பத்து மூன்று வயது. ஐம்பது கிலோ சுமை. எட்டாயிரம் கிலோமீட்டர்.

அவள் மூட்டையை இறக்காமலே தொழிற்சாலைக்கு மிதித்துப் போய் நிவேதன் முன்னால் நின்றாள்.

"எடுத்துருங்க சார். உங்களக் கும்புட்டுக் கேக்கறனுங்க."

நிவேதன் அவளுக்கு நாற்காலி போட்டான். "அக்கா, அதுல ஒரு வார்த்தை பொய்யிருந்தா சொல்லுங்க, இப்பவே எடுத்தர்றேன்."

துளசிமணி நின்றபடியே மூன்று வரிகளையும் மனதுக்குள் படித்துப் பார்த்தாள். வயது சரி. எடை சரி. தூரம், அவள் கணக்கில், இன்னும் கொஞ்சம் கூடவே இருந்தது.

ஆடித் தள்ளுபடியில் அந்த ஹேண்டில்பார் விற்றது போல அதற்கு முன் எதுவும் விற்றதில்லை. அவள் கடைகளுக்குப் போய் வாசலில் நின்று வாங்காதீர்கள் என்று சொன்னாள். கடைக்காரர்கள் அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து சோடா கொடுத்தார்கள். போர்டில் இருக்கும் அம்மா நேரிலேயே வந்திருக்கிறார் என்று கூட்டம் கூடியது. அவள் சொன்னதைக் கேட்டவர்கள், தன்னடக்கம் என்றார்கள். அதன்பின் அவள் கடைப்பக்கம் போகவில்லை.

ஆவணியில் ஒரு காலை. சந்தை மேட்டுக்குப் போகும் ஏற்றத்தில் அவள் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு சைக்கிள் வந்து சேர்ந்தது. ஓட்டியவர் நல்ல ஆகிருதியான மனிதர். பனியன் வியர்வையில் நனைந்திருந்தது. முன்கம்பியில் மாட்டிய குட்டி சீட்டில் நான்கு வயதுப் பெண் குழந்தை உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தது. கறுப்பு ஹேண்டில்பார்.

"ஏனுங்க, நீங்கதானுங்களே போர்டுல இருக்கறது? உங்களப் பாத்துத்தானுங்க இத வாங்குனேன்! பாப்பா, அத்தைக்கு வணக்கம் சொல்லு."

"எறங்குங்க," என்றாள் துளசிமணி.

"என்னுங்க?"

"கொழந்தையத் தூக்கிட்டு எறங்குங்க. தள்ளிட்டுப் போங்க. இது முறியுமுங்க. உள்ளார கம்பி உரசி உரசி முறியும். என்ற அண்ணன் இதுலதான் போனாரு."

அவர் அவள் மூட்டையைப் பார்த்தார். அவள் ஹேண்டில்பாரைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை. "இந்த மூட்டையத் தொங்கவுட்டுட்டு நீங்க போவீங்களாமா, எங்களை எறங்கச் சொல்லுவீங்களாமா?"

"இத முறிக்கத்தானுங்க நான் ஓட்டறேன்!"

"எட்டாயிரம் கிலோமீட்டரா முறிச்சிட்டே இருக்கீங்களாக்கும்?" அவர் வாய்விட்டுச் சிரித்தார். நல்ல மனிதரின் சிரிப்பு. "பாப்பா, அத்தை நம்மளோட பந்தயம் கட்டறாங்க. உட்டர்றதா? பிடிச்சுக்க!"

அவர் பெடல்மேல் எழுந்து நின்றார். இரண்டு கைகளையும் ஊன்றி, தோளையும் மார்பையும் வயிற்றையும் அந்தக் கறுப்புக் குழாயின்மேல் முழுதாகச் சாய்த்து, கொஞ்சமும் சந்தேகமில்லாமல் மிதித்தார். சைக்கிள் துள்ளி முன்னால் போனது.

துளசிமணி மூட்டையின் கயிற்றை அவிழ்த்தாள். அரிசி சாலையில் கொட்டிப் பரவியது. அவளும் எழுந்து நின்று மிதித்தாள். இப்போது முறிந்தால் போதும், அவர் திரும்பிப் பார்க்கும் தூரத்துக்குள் முறிந்தால் போதும் என்று, உடம்பின் எடை முழுவதையும், பிறந்ததிலிருந்து எதன்மேலும் சாய்ந்திராத அளவுக்கு, ஹேண்டில்பாரின்மேல் சாய்த்தாள். கைகள் இந்தமுறை தளரவில்லை. ஒரு பள்ளம். இன்னொரு பள்ளம். குழந்தை சிரிக்கும் சத்தம் முன்னால் போய்க்கொண்டே இருந்தது.

அவளுடையது தாங்கியது.